வெறுங்குட்டைக்கு நான் போட்ட ஒன்று

மாப்பிள்ளை,

நேற்று அரியலூர்ச் சந்தை வாசலில், நூறு பேர் பார்க்க, நான் அழுதேன். நூறு என்றதும் நீங்கள் பத்தால் வகுக்கப் பார்ப்பீர்கள். வகுக்காதீர்கள். வரிசையில் எனக்கு முன்னால் நாற்பத்தேழு பேர், பின்னால் ஐம்பத்தாறு பேர். எண்ணித்தான் சொல்கிறேன்.

ஏலாக்குறிச்சித் திருவிழாவுக்குப் போகிற கூட்டத்துக்குக் காலரா ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள். தங்கச்சியைப் பார்க்க வந்த நான் பஸ்ஸை விட்டு இறங்கியதும் என்னையும் பிடித்து வரிசையில் நிறுத்திவிட்டார்கள். கம்பவுண்டர் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து என் கையில் தேய்த்தார். அந்த வாசனை மூக்கில் ஏறியதுதான் தாமதம், சந்தையே கண்ணைவிட்டுப் போய்விட்டது. பாம்பன் கரையில் கவிழ்த்துப் போட்ட ஒரு வள்ளம். அதன் நிழலில் ஸ்பிரிட் ஊற்றிய ஆறு கண்ணாடி ஜாடிகள். ஜாடிகளுக்கு நடுவே வீங்கிய காலை நீட்டிக்கொண்டு நீங்கள்.

"என்னங்க பெரியவரே, ஊசி இன்னும் பெட்டியிலதான் இருக்கு. அதுக்குள்ள அழுவுறீங்களே?" என்றார் கம்பவுண்டர்.

"ஊசிக்கு அழலைங்க. வாசனைக்கு."

"இந்த வாசனைக்கு மூக்கைப் பொத்துறவங்களைப் பாத்திருக்கேன். அழுவுறவரை இன்னைக்குத்தான் பாக்குறேன். ஒடம்பு மட்டும் மலையாட்டம் இருக்கு!"

வரிசை முழுக்கச் சிரித்தது. நியாயமாக நானும் சிரித்து, ஈட்டியால் குத்தினாலும் இமை கொட்டாத பரம்பரை என்று நாலு வார்த்தை அளந்திருக்க வேண்டும். வாய் வரவில்லை. சட்டைக் கையை இறக்கிக்கொண்டு நேரே உங்கள் வீட்டுக்கு நடந்தேன். அங்கே உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. உங்களிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. நீங்கள் என்னிடம் சொல்லாமல் போனது ஒன்றும் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து என்னை அடித்த அடியிலிருந்து நான் இன்னும் எழுந்திருக்கவில்லை.

முதலில் அந்த வகுத்தல். உங்கள் கல்யாணத்துக்கு மறுநாள் காலை, செட்டிகுளத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இலை போட்டு உட்கார்ந்திருந்தோம். பெண் அழைத்து வரும்போது ஆயிரம் வண்டி வந்ததென்றும், முன் வண்டி மலைக் கோயில் அடிவாரத்தில் நிற்கும்போது பின் வண்டி ஊரைவிட்டே கிளம்பவில்லை என்றும் நான் முழங்கிக்கொண்டிருந்தேன். நீங்கள் வாயைத் திறந்து நாங்கள் கேட்ட முதல் பேச்சு அதுதான்.

"மச்சான் சொல்றதைப் பத்தால வகுத்துக்குங்க. மிச்சம் வந்தா அதையும் விட்டுடுங்க."

சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நான்தான். அன்று முதல் நான் எது சொன்னாலும், சமையற்கட்டிலிருந்து ஒரு குரல் வரும்: "வகுத்தாச்சு!" எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது. சோழன் காலத்தில் புலவனுக்கு யானை கொடுத்தார்கள். எனக்கு என் மாப்பிள்ளை ஒரு கணக்கையே கொடுத்தார்.

நீங்கள் திருச்சிக் காலேஜில் டெமான்ஸ்ட்ரேட்டர். தவளையை அறுத்துப் பையன்களுக்குக் காட்டுகிற வேலை என்று ஊரில் சொல்லி வைத்திருந்தேன். வேலை நிரந்தரமில்லை, வருஷத்துக்கு வருஷம் நீட்டித்துக்கொண்டிருந்தார்கள். யுத்த காலம். அந்த நேரத்தில் உங்கள் புரொபசர் ஒரு கேள்வியைக் கையில் கொடுத்தார். பாம்பன் பக்கத்துப் பாறைக்குட்டைகளில் ஓடில்லாத நத்தைகள் இருக்கின்றனவே, அவை அரிதா, சாதாரணமா? ஒரு குட்டைக்கு எத்தனை? அமாவாசையை ஒட்டி ஆறு நாள், அதே நாற்பது குட்டைகளை எண்ணி அட்டவணை போட்டு வா. அட்டவணை சரியாக இருந்தால் உன் வேலையை நிரந்தரமாக்கச் சொல்லி நானே எழுதுகிறேன் என்றார்.

இதை நீங்கள் சொன்னபோது நான் வரகுக் கொல்லையில் நின்றுகொண்டிருந்தேன். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஜப்பான்காரன் குண்டு போடுவானா என்று ராஜ்யமே நடுங்கிக்கொண்டிருக்கிறது, மண்ணெண்ணெய்க்குக் கார்டு, இதில் ஒரு மனிதனின் பிழைப்பு நத்தையின் தலையிலா?

"மாப்பிள்ளை, நத்தை எத்தனை இருந்தா யாருக்கு என்ன?"

நீங்கள் குனிந்து, வரப்பில் கிடந்த கல் சிப்பி ஒன்றைப் பொறுக்கினீர்கள். எங்கள் பக்கம் உழுகிற கலப்பைக்கு அது தினமும் அகப்படும். நாங்கள் தூக்கி வேலியோரம் எறிந்துவிடுவோம்.

"ஓடு இருக்கறது கல்லாகியாவது நிக்குது மச்சான். ஓடு இல்லாதது செத்தா சுவடே இருக்காது. அதை உயிரோட இருக்கறப்பத்தான் எண்ணணும்."

வெயிலில் நின்றுகொண்டு இப்படியும் பேச ஒரு ஆளால் முடியுமா என்று திகைத்துப் போனேன். தங்கச்சி அப்போது வளைகாப்பு முடிந்து எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். அதற்கு முந்தைய வருஷம் ஆறாம் மாதத்தில் ஒன்று தங்காமல் போயிருந்தது; வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. அவள்தான் என்னையும் கிளப்பினாள்.

"அண்ணே, அவரு தண்ணியில எதையாவது பாத்தா ஒலகத்தை மறந்துடுவாரு. அலை வந்து இழுத்தாலும் தெரியாது. நீங்க கூடப் போங்க."

கிளம்புகிற அன்று எண்ணிக்கை எழுதப் புதுநோட்டு ஒன்றை எடுத்தாள். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு, நாலு மூலைக்கும் மஞ்சள் தடவினாள். ஒரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு, மறுகையால் அந்த நோட்டை என்னிடம் நீட்டினாள். நீங்கள் அப்போது ஜாடிகளை வைக்கோலில் சுற்றிக்கொண்டிருந்தீர்கள். பார்த்திருக்க மாட்டீர்கள்.

நான் அதுவரை கடலைப் பார்த்ததில்லை என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் ஏரியைப் பத்தால் பெருக்கி மனதில் வைத்திருந்தேன். ரயிலை விட்டு இறங்கிப் பாம்பனில் அதைக் கண்டதும் என் வாய் அடைத்துப் போயிற்று. வாழ்நாளில் முதல் தடவையாக, கூட்டிச் சொல்ல என்னிடம் வார்த்தை மிச்சமில்லை. நீங்கள் என் தோளைத் தட்டி, "என்ன மச்சான், வகுத்துப் பாக்கவா?" என்றீர்கள்.

மறுநாள் விடியலில் தண்ணீர் இறங்கியது. கடல் பின்வாங்கிய இடத்தில் பாறை பாறையாய்த் தெரிந்தது. பாறைக்குப் பாறை பள்ளம், பள்ளத்துக்குப் பள்ளம் தேங்கிய உப்புத் தண்ணீர். முதல் குட்டையில் இரண்டு நத்தை. பழுப்பு நிறம், உள்ளங்கை நீளம், தலையில் முயல்காது போல இரண்டு. கரையோரம் எடுத்து உலர்த்துகிறார்களே அந்தக் கடலட்டை என்று நினைத்தேன். "அட்டை வேற மச்சான். இது நத்தைதான். ஓடு தேய்ஞ்சு உள்ளே போயிடுச்சு" என்றீர்கள். அதைச் சொல்லிக்கொண்டே இரண்டாவது குட்டைக்குக் கால் வைத்தீர்கள். ஒரு கறுப்பு முள்ளுருண்டை மேல் வைத்துவிட்டீர்கள். பாதத்தில் ஒன்பது முள். நான் பிடுங்கியது நாலு. மிச்சம் உள்ளேயே ஒடிந்துவிட்டது. வெயில் ஏறுவதற்குள் கால் பனங்காயாக வீங்கியது. காய்ச்சல் வேறு.

நான் திரும்பிவிடலாம் என்றேன். நீங்கள் கேட்கவில்லை. வேலை போய்விடும், பிள்ளை பிறக்கப்போகிறது என்றீர்கள். வள்ளத்தின் நிழலில் உங்களை உட்கார வைத்தேன். நோட்டு என் கைக்கு வந்தது.

"பெரிசு பண்ணாதீங்க மச்சான். இருக்கறதை மட்டும் எழுதுங்க. என் குடும்பமே அதுலதான் இருக்கு."

"மலை முருகன் மேல ஆணை" என்றேன்.

மாப்பிள்ளை, நான் அந்த ஆணையைக் காப்பாற்றினேன். என் நாற்பது வயதுக்குள் ஒரு எண்ணைக் கூட்டாமல் சொன்ன வாரம் அது ஒன்றுதான். முட்டி வரை தண்ணீரில் நின்று, பாசியை விலக்கி, கல்லைப் புரட்டித் திருப்பி வைத்து எண்ணினேன். ஒன்றைத் தொட்டதும் அது கத்திரிப்பூ நிறத்தில் மையைக் கக்கியது. குட்டை முழுக்கச் சாயம். குத்திக் கொன்றுவிட்டோம் என்று பதறிப் பாறையிலிருந்து மல்லாக்க விழுந்தேன். நீங்கள் கரையிலிருந்து கத்தினீர்கள்: "பயப்படாதீங்க, அது உங்களைப் பாத்துப் பயந்துடுச்சு!"

இன்னொரு குட்டையில் ஒன்றன் பின் ஒன்றாக ஏழு நத்தைகள் சங்கிலி போட்டு ஒட்டிக் கிடந்தன. பக்கத்தில் இடியாப்பம் பிழிந்து போட்டாற்போல் மஞ்சள் முட்டைச் சரம். என்ன இது என்று வந்து கேட்டேன். அவை ஒவ்வொன்றும் ஆணும்தான் பெண்ணும்தான், முன்னாலிருப்பதற்கு ஆண், பின்னாலிருப்பதற்குப் பெண் என்று, ரயில் நேரம் சொல்வதுபோலச் சொன்னீர்கள். நான் காதைப் பொத்திக்கொண்டேன். எங்கள் வம்சத்தில் நாலு தலைமுறைக்கு இப்படி ஒரு சேதியை யாரும் கேட்டதில்லை.

ஒரு போலீஸ்காரர்கூட வந்தார். எதிரிக் கப்பலுக்கு அடையாளம் காட்டுகிறோமோ என்று சந்தேகம்.

"என்னய்யா எழுதறே?"

"நத்தைங்க. எண்ணி எழுதறேங்க."

"எண்ணி?"

வள்ளத்தடியிலிருந்து நீங்கள்தான் சொன்னீர்கள்: "எத்தனை இருக்குன்னு தெரிஞ்சுக்கறதுக்குங்க." அவர் நம் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இரக்கப்பட்டு, போய்விட்டார்.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

நாற்பது குட்டைகளில் ஒன்பதில்தான் நத்தை இருந்தது. இருந்த இடத்தில் கூட்டம் கூட்டமாய். பன்னிரண்டு, இருபத்தெட்டு, நாற்பத்துமூன்று. மற்ற முப்பத்தொன்றும் வெறும் தண்ணீர். ஒற்றையாய் ஒன்று இருந்த குட்டையை ஆறு நாளும் நான் பார்க்கவே இல்லை.

வெறுங்குட்டைக்கு நேரே நீங்கள் சொன்னபடி பூஜ்யம் போட வேண்டும். பென்சிலை வைத்தேன். கை ஓடவில்லை. எங்கள் வீட்டு வழக்கம் உங்களுக்குத் தெரியாதா? குதிர் காலியாக இருந்தாலும் ஒருநாளும் கவிழ்த்துத் தட்ட மாட்டோம். அடியில் ஒரு பிடி தானியம் எப்போதும் கிடக்கும். நெல் அளக்கிற மரக்காலை வெறுமனே வைக்க மாட்டோம். நாலு மணியாவது போட்டுத்தான் வைப்போம். மஞ்சள் வைத்த நோட்டு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் நீட்டிய நோட்டு. முந்தின வருஷம் ஒன்று தங்காமல் போனவள். அந்தப் பக்கத்தில், குட்டைக்குக் குட்டை, காலி, காலி, காலி என்று என் கையால் எப்படி எழுதுவேன்?

ஒரு பிடி தானியம் போடுகிற மாதிரி ஒன்று போட்டேன். வெறுங்குட்டைக்கெல்லாம் ஒவ்வொன்று. பெரிய எண்ணில் பொய் சொல்லவில்லையே, ஒன்றுதானே, கொசுறு என்று என்னை நானே தட்டிக்கொடுத்தேன். ஆறு நாளில் நூற்றெண்பத்தாறு ஒன்றுகள்.

கடைசி நாள் இருபத்துமூன்றாம் குட்டையில் அறுபத்தொன்று இருந்தது. இரண்டு தடவை எண்ணினேன். தண்ணீர் தெறிக்க ஓடி வந்தேன்.

"மாப்பிள்ளை! அறுபத்தொண்ணு! ஒரே குட்டையில அறுபத்தொண்ணு!"

நீங்கள் காய்ச்சலோடு சிரித்தீர்கள். "சரி மச்சான். ஆறுன்னு வச்சுக்குவோம்."

வழக்கமான வேடிக்கைதான் என்று நானும் சிரித்தேன்.

"வெறும் குட்டை எத்தனை?" என்று கேட்டீர்கள்.

"ஒண்ணும் இல்லைங்க. எல்லாத்துலயும் ஒண்ணாவது இருக்கு."

உங்கள் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியைத்தான் நான் ஊருக்குக் கொண்டுவந்தேன். அதைப் பற்றி எத்தனை கதை அளந்தேன்! கடலையே வடிகட்டி எண்ணிவிட்டோம் என்றேன்.

அட்டவணையை அனுப்பினீர்கள். பிள்ளை பிறந்தாள், நல்லபடி. அடுத்த வருஷம் நீங்கள் காலேஜை விட்டுவிட்டு அரியலூருக்கே வந்து, சுண்ணாம்புக்கல் வெட்டுகிற இடத்தில் வண்டி எண்ணுகிற வேலையில் சேர்ந்தீர்கள். ஏன் என்று கேட்டதற்கு, "காலேஜ் காத்து ஒத்துக்கலை மச்சான்" என்றீர்கள். நான் விட்டேனா? உங்கள் வீட்டு வாசலிலேயே நின்று, அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டு, "நத்தையை எண்ணிப் பழகின கை, இப்ப கல்லுவண்டி எண்ணுது பாருங்க! வேகம் கூடிப்போச்சு, பதவி உசந்துபோச்சு!" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். உள்ளே தங்கச்சி மட்டும் அடுப்பு ஊதும் குழாயை நங்கென்று கீழே வைத்தாள். அந்தச் சத்தம் எனக்கு அப்போது புரியவில்லை.

அப்புறம் போன மழைக்காலத்தில் உங்களுக்கு வந்த காய்ச்சல். நாலே நாள். அதைப் பற்றி நான் எழுத மாட்டேன்.

போன மாதம் உங்கள் டிரங்குப் பெட்டியில் கரையான் ஏறியது. காகிதங்களை வெயிலில் போடலாம் என்று தங்கச்சி எடுத்துக் கொடுக்க, நான் விரித்துக்கொண்டிருந்தேன். மஞ்சள் மூலையோடு அந்த நோட்டு வந்தது. சந்தோஷமாகத் திறந்தேன்.

பக்கம் பக்கமாகச் சிவப்புப் பென்சில். என் நாற்பத்துமூன்றின் மேல் ஒரு கோடு, பக்கத்தில் நான்கு. இருபத்தெட்டின் மேல் ஒரு கோடு, பக்கத்தில் இரண்டு. அறுபத்தொன்றின் மேல் ஒரு கோடு, பக்கத்தில் ஆறு. ஓரத்தில் உங்கள் கையெழுத்து: "மச்சான் கணக்கு, பத்தில் ஒன்று." என் நூற்றெண்பத்தாறு ஒன்றுகளுக்குப் பக்கத்திலும், ஒன்றுவிடாமல், சரி என்று குறி.

என் மேல் இடி விழுந்தது என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன், மாப்பிள்ளை. அவையெல்லாம் பொய். அன்று காலை அரியலூரில், நல்ல வெயிலில், விழுந்தது. நான் சொன்ன நிஜத்தையெல்லாம் அடித்துவிட்டு, நான் சொன்ன பொய்யை மட்டும் நம்பியிருக்கிறீர்கள்! சின்ன எண்ணில் நான் பொய் சொல்ல மாட்டேன் என்று நினைத்துவிட்டீர்கள்.

நோட்டுக்குள் ஒரு காகிதம். இங்கிலீஷில் எழுதுமுன் எதையும் தமிழில் எழுதிப் பார்ப்பது உங்கள் பழக்கம். புரொபசருக்கு நீங்கள் எழுதிய பதிலின் நகல். "குட்டைகளை எண்ணியவன் நான் ஒருவனே. துணைக்கு எவரும் வரவில்லை. பிழை முழுதும் என்னுடையது."

துணைக்கு எவரும் வரவில்லை! ஆறடி ஆள் நான். ஆறு நாள் முட்டித் தண்ணீரில் நின்றவன். ஒரே வரியில் என்னைக் கரையிலிருந்தே அழித்துவிட்டீர்களே!

"தங்கச்சி, இது என்ன?" என்றேன்.

அவள் காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். படிக்கவில்லை. படிக்க வேண்டிய அவசியம் அவளுக்கு இருக்கவில்லை.

"மெட்ராஸ்லேருந்து ஒரு பெரியவர் வந்தாருண்ணே. அட்டவணையைக் கையில வச்சுக்கிட்டு, இவரையும் கூட்டிக்கிட்டுப் பாம்பனுக்கே போனாரு. போய்ப் பாத்தா, ஒரு குட்டையில கொள்ளாத நத்தை. அக்கம்பக்கத்துல ஒண்ணுமில்லை. அட்டவணையில எல்லாத்துலயும் ஒண்ணு ரெண்டுன்னு இருக்கு. பாக்காமலே எழுதிட்டியான்னு கேட்டாராம். அதோட முடிஞ்சுபோச்சு."

"என்கிட்ட சொல்லலையே!"

"சொல்லக்கூடாதுன்னுட்டாரு. வந்த அன்னைக்கு ராத்திரி சோறுகூடத் திங்கலை. 'உங்க அண்ணன் எண்ணினது சரிடி. கண்ணால பாத்தேன். நான்தான் நம்பாம வகுத்துட்டேன்'னாரு. 'ஆனா அந்த ஒண்ணுங்கதான் புரியலை'ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. கேட்டுடுங்களேன்னேன். 'கேட்டா வேலை போனது அவருக்குத் தெரிஞ்சுடும். அப்புறம் அந்த மனுசன் வாயைத் திறக்க மாட்டாரு. அவரு வாயை மூடிட்டா இந்த வூட்டுல யாரு சிரிப்பா?'ன்னாரு."

நான் கல்லுவண்டிக் கதை சொல்லி உங்கள் வாசலில் ஊரைக் கூட்டிச் சிரித்ததெல்லாம் இதற்கு அப்புறம்தான். நீங்களும் கூடச் சிரித்தீர்களே, மாப்பிள்ளை!

அந்த ஒன்றுகளைப் பற்றி அவளிடம் சொன்னேன். மஞ்சளையும், குதிரில் கிடக்கிற ஒரு பிடி தானியத்தையும், மரக்காலையும், அவள் வயிற்றையும் சொன்னேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கோபமா அழுகையா என்று தெரியாத ஒரு பார்வை.

"வயித்துல இருந்தவளுக்கு வேண்டியது சோறும் பாலும்ணே. நத்தையா வேணும்னு கேட்டா? எனக்காக எழுதினீங்களாம்! என் புருசன் அந்த ஒண்ணை நெனைச்சு நெனைச்சு மூணு வருசம் மண்டையை ஒடைச்சுக்கிட்டாரு, தெரியுமா?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். உள்ளே போய் ஒரு வெள்ளைத்தாள் கட்டும் பென்சிலும் கொண்டு வந்து என் முன்னால் போட்டாள்.

"உக்காருங்க. நான் படிக்கறேன், நீங்க எழுதுங்க. நெசமா இருந்ததை மட்டும்."

வெயில் தாழும்வரை உட்கார்ந்தோம். அவள் விரல் வைத்துக் குட்டை எண்ணைப் படித்தாள். சிவப்புக் கோட்டுக்குக் கீழே நான் முதலில் எழுதிய எண்ணை வாசித்தாள். ஒன்று வந்த இடத்திலெல்லாம் நின்று, "அண்ணே?" என்றாள். நான் "பூஜ்யம்" என்றேன். ஒவ்வொன்றுக்கும் கேட்டாள். ஒன்றைக்கூட நானாக எழுதிவிட்டுப் போக விடவில்லை. நூற்றெண்பத்தாறு தடவை என் வாயால் சொல்லவைத்தாள். நடுவில் உங்கள் மகள் ஓடிவந்து மடியில் ஏறப் பார்த்தாள். "மாமா கணக்கு எழுதுது, போ" என்று அனுப்பிவிட்டாள்.

அடியில் நான் எழுதினேன்: எண்ணியவன் மைத்துனன். பெரிய எண்கள் எல்லாம் மெய். ஒன்று என்று எழுதியவை எல்லாம் பொய். அட்டவணை போட்டவர் நம்பியது என்னை. கையெழுத்துப் போட்டு, புரொபசர் விலாசத்துக்கு ரிஜிஸ்தர் செய்தோம்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் படித்துச் சொன்னார். இப்போது எல்லாம் பொருந்துகிறதாம். அவை அரிதும் இல்லையாம், எங்கும் இருப்பதும் இல்லையாம். இனம் சேர்ந்து ஒரே இடத்தில் திரளுகின்றனவாம். இந்த அட்டவணையிலிருந்துதான் அது தெரிகிறதாம். திருத்தி அச்சிடும்போது உங்கள் பெயரில்தான் வருமாம். தங்கச்சி அந்தக் காகிதத்தை வாங்கி, உங்கள் சட்டைகளுக்கு நடுவே வைத்துப் பெட்டியை மூடினாள். பிறகு எனக்குச் சாப்பாடு போட்டாள்.

இப்போதெல்லாம் ஊரில் யாராவது ஏதாவது கேட்டால் எண்ணிப் பார்த்துத்தான் சொல்கிறேன். யாருக்கும் பிடிக்கவில்லை. "என்னய்யா ஒடம்பு சரியில்லையா?" என்கிறார்கள். அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். தாங்க முடியாதது வேறொன்று. படுத்தால் அதுதான் வருகிறது.

நான் அறுபத்தொன்று என்று கத்திக்கொண்டு வந்தபோது, நீங்கள் வள்ளத்தடியில் உட்கார்ந்திருந்தீர்கள். அந்தக் குட்டைக்கும் உங்களுக்கும் இருபது கஜம் இருக்குமா? இருபதுதான். உங்கள் எடை, காய்ச்சலில் இளைத்தது போக, ஒரு நெல் மூட்டைக்குக் குறைவு. உரலை ஒற்றைக் கையால் தூக்கினேன், வண்டியோடு மாட்டைத் தூக்கினேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான். அன்று உங்களை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு, நாலு எட்டில் பாறையைத் தாண்டி, குட்டை ஓரத்தில் இறக்கி உட்காரவைத்து, "சிரிச்சது போதும் மாப்பிள்ளை, நீங்களே எண்ணுங்க" என்று சொல்லியிருக்கலாம்.